“141 யார், டீச்சர்?” – கல்வி அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கல்வி அமைச்சர் அவர்களுக்கும், பாடசாலைக் கல்வி மறுசீரமைப்பில் ஈடுபட்டிருக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்துவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். சேவையில் இருந்தபோது இதை எழுதியிருந்தால், தாபன விதிக்கோவையின் எந்தப் பிரிவை மீறினேன் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்திருக்கும். இப்போது ஓய்வூதியம் மட்டும்தான் வருகிறது. துணிச்சலும் கொஞ்சம் அதனோடு வந்திருக்கிறது.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நியமனக் கடிதத்தில் இருந்த பாடம் தமிழ். நான் அதிக காலம் படிப்பித்தது கணிதம். போய்ச் சேர்ந்த பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லை. “நீங்கள் உயர்தரத்தில் பொருளியல் செய்தவர்தானே டீச்சர், கொஞ்ச நாளைக்குப் பாருங்கள்” என்றார் அதிபர். அந்தக் கொஞ்ச நாள் பத்தொன்பது வருடமாக நீண்டது. மறுநாள் பாடத்தை இரவில் நானே முதலில் படிப்பேன். விடை சரியாக வருகிறதா என்று பார்ப்பேன். காலையில் போய் அதையே பலகையில் எழுதுவேன். ஒரு பிள்ளை வழியை விட்டு விலகி ஏதாவது கேட்டுவிட்டால் “நாளைக்குச் சொல்கிறேன்” என்பேன். அந்த நாளைக்களில் பாதி வரவே இல்லை. என்னிடம் கணிதம் படித்துச் சித்தியடையாமல் போன பிள்ளைகளை டவுனில் காணும்போது இன்றைக்கும் நான்தான் முதலில் தலையைக் குனிகிறேன், அவர்கள் “டீச்சர், சுகமா?” என்று ஓடி வருகிறார்கள்.

தரம் 8இல் ‘இடை’ என்றொரு பாடம் உண்டு. ஊரில் சராசரி என்போமே, அதுதான். புத்தகத்தில் இருந்த கணக்கு அலுப்பாக இருந்தது என்று ஒரு நாள் ஐந்து பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, தையல் நாடாவால் உயரம் அளந்தேன். 152, 150, 136, 134, 133. கூட்டினால் 705. ஐந்தால் பிரித்தால் 141. “வகுப்பின் இடை உயரம் 141 சென்ரிமீற்றர்” என்று பலகையில் எழுதிக் கோடும் போட்டேன். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி எழுந்து, சுவரோரம் நின்ற ஐவரையும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “141 யார், டீச்சர்?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. 152ம் 150ம் தோட்டத்து உத்தியோகத்தர்களின் பிள்ளைகள், குவாட்டர்ஸில் இருப்பவர்கள். மற்ற மூவரும் லயத்துப் பிள்ளைகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் இருப்பவர்கள். ஐந்து பேருக்கும் ஒரே வயது, ஒரே மலை, ஒரே குளிர். இரண்டு பேரின் உயரம் மூன்று பேரின் குட்டையைக் கணக்கில் மூடி மறைத்துவிட்டது. அந்தக் கணக்கைப் போட்டதும் நான்தான்.

இந்த மடலில் நான் சொல்ல வருவது அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு மேல் ஒன்றும் இல்லை.

மலையகத் தமிழர்களான எங்கள் பிள்ளைகளைப் பற்றி உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகள் இரண்டு வழியாகப் பிரிக்கப்பட்டு வருகின்றன. ஒன்று மாவட்டம், மற்றது மொழிமூலம். நுவரெலியா மாவட்டம் என்று ஒரு வரி போட்டால், உயர்தரத்தில் விஞ்ஞானம் உட்பட எல்லாப் பிரிவும் இருக்கிற நகரத்து 1ஏபி பாடசாலையும், ஜீப் மட்டும் ஏறக்கூடிய மலையில் கீழ் வகுப்புகள் மட்டும் இருக்கிற 3ஆம் வகைப் பாடசாலையும் அந்த ஒரே வரிக்குள் வந்துவிடும். அம்மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டோர், 2012 குடிசன மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று பதியப்பட்டவர்கள். ஆனாலும் மாவட்டப் பெறுபேறு என்பது அவர்களின் பெறுபேறு ஆகிவிடாது. சரி, தமிழ்மொழி மூலம் என்று பிரித்துப் பார்ப்போம் என்றால், யாழ்ப்பாணத்தின் நூறு வருடம் தாண்டிய கல்லூரிகளும், கொழும்பிலும் கிழக்கிலும் இருக்கிற பெரிய பாடசாலைகளும் எங்களோடு அதே பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. மாவட்டத்தால் பார்த்தால் நகரம் எங்களைத் தூக்கிவிடுகிறது. மொழியால் பார்த்தால் யாழ்ப்பாணம் தூக்கிவிடுகிறது. இரண்டு பேர் தோளில் ஏற்றி நிறுத்தினால் யாரும் உயரம்தான்.

எங்களுக்கு மட்டும் நடக்கும் அநியாயம் என்று இதைச் சொல்லவில்லை. வலப்பனைப் பக்கத்து ஏழைச் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் அதே மாவட்ட வரிக்குள்தான் காணாமல் போகிறது. அந்தப் பிள்ளைக்காகவும்தான் கேட்கிறேன்.

தனியாக எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. குடிசன மதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நெடுங்காலமாக நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்கெடுக்கிறது. அப்படிப் பிரித்ததால்தான் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஓர் உண்மை வெளியே வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17 வீதம். தோட்டத்தில் 32 வீதம். மூன்று பிள்ளைகளில் ஒன்று. பத்து வருடத்துக்கு முந்திய ஆய்வில் இது 40 வீதத்தை ஒட்டி இருந்தது. ஆகவே ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது பொய், குறைந்திருக்கிறது. ஆனால் தனியே எண்ணியிராவிட்டால் இருந்ததும் தெரிந்திருக்காது, குறைந்ததும் தெரிந்திருக்காது. 2019இல் வறுமையை அளந்தபோதும் அப்படியே: நாட்டுக்கு 14.3 வீதம், தோட்டத்துக்கு 33.8 வீதம். அதற்குப் பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த வருடம் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நான் எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

இந்த 32 வீதத்துக்கும் கல்வி அமைச்சுக்கும் என்ன தொடர்பு, அது சுகாதார அமைச்சின் காரியம் அல்லவா என்று உங்கள் அலுவலர் ஒருவர் கேட்கக்கூடும். தரம் 1க்கு வரும்போது அந்தப் பிள்ளை எப்படி வருகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை ஆறரை. பனி இன்னும் கலையவில்லை. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போகும் அம்மா, ஒரு கையில் கூடையும் மறு இடுப்பில் பிள்ளையுமாகப் பிள்ளைக் காமராவுக்கு வருகிறாள். இப்போது அதன் பலகையில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்று எழுதியிருக்கிறார்கள்; சனங்கள் வாயில் இன்னும் பிள்ளைக் காமராதான். சில தோட்டங்களில் உண்மையிலேயே நல்ல கட்டடம், படித்த பொறுப்பாளர், சுவரெல்லாம் படம். நான் இருந்த தோட்டத்தில் ஓர் அறை, இரண்டு சேலைத் தொட்டில், வயதான ஓர் ஆயா அம்மா. பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்தால் கோதுமை ரொட்டித் துண்டு, அதன்மேல் சீனி. குடிக்கச் சாயத் தண்ணி. நாங்கள் தேயிலைக்குப் பிறந்தவர்கள் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பல் முளைக்காத வாயில் பாலுக்குப் பதிலாக அந்தத் தேயிலைச் சாயம் போவதை நான் எத்தனையோ காலை கண்டிருக்கிறேன்.

நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ என்ற சத்துமா கொடுக்கிறார்கள். நல்ல உணவு. ஆனால் பொதி வீட்டுக்குப் போனால் அது ஒரு பிள்ளையின் பொதி அல்ல, வீட்டின் பொதி. பள்ளிவிட்டு வரும் அண்ணன், தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துத் தின்பான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அவனும் பசியோடு வகுப்பில் இருந்தவன்தான், என் வகுப்பில். 2021, 2022இல் அந்தப் பொதியும் தட்டுப்பாடாகிப் போனது.

அம்மா மலையில் நிற்கிறாள். குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகி, 2024இல் 1,350 ஆன கதை உங்களுக்குத் தெரியும். எந்தத் தேர்தல் மேடையிலும் அது இல்லாமல் இராது. மேடையில் சொல்லாத சொல் ‘அரைப்பேர்’. கேட்ட கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். ஆகவே பத்து மணிக்குப் பால் கொடுக்க இறங்கி வரும் தாய், வழியில் போகும் நேரத்தைக் கிலோவாக மாற்றிப் பார்க்கிறாள். மலை தூரமாக இருந்தால் வருவதில்லை. தாய்ப்பால் பற்றிய சுவரொட்டி அந்த அறையின் சுவரில்தான் ஒட்டியிருந்தது.

அந்தப் பிள்ளை ஐந்து வயதில் என் பாடசாலைக்கு வருகிறது. அப்போது நாங்கள் அதை ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; ஏனென்றால் “இன்னும் எத்தனை காலத்துக்குப் பழையதைப் பேசுவீர்கள்?” என்று ஒரு கூட்டத்தில் என்னைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு எங்கள் முன்னோர் வந்ததை 1823இலிருந்து கணக்கிட்டு, இருநூறு வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். 1907இன் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்டத்தை நடத்தும் துரையின் பொறுப்பில் விட்டது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாடு அதைக் கொண்டாடுகிறது, நானும்தான். ஆனால் தோட்டத்துப் பள்ளி தோட்டத்திடமே இருந்தது: ஒரு வாத்தியார், ஒரு கூடம், ஐந்தாம் வகுப்போடு சரி. 1948இல் எங்கள் குடியுரிமை போனது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் எங்களுடையவை வெளியே நின்றன. 1970களின் பிற்பகுதியில்தான் பொறுப்பேற்கத் தொடங்கி, பகுதி பகுதியாக எடுத்து முடித்தார்கள். அதாவது இலவசக் கல்வி எங்கள் மலைக்கு ஏறி வர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. ஒரு தலைமுறை முழுதாகப் பின்னால் நின்று ஓட்டத்தைத் தொடங்கியவர்களை மற்றவர்களோடு ஒரே கோட்டில் வைத்து நேரம் பார்க்கிறீர்கள். இதற்காகத்தான் பழையதைப் பேசுகிறோம்.

பொறுப்பேற்ற பிறகு நல்லதும் நடந்தது. 1986இலிருந்து சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வந்தது. ஜேர்மன் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. அங்கே படித்து வந்த பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் இல்லையென்றால் எங்கள் ஆரம்பப் பிரிவுகள் இன்றைக்கு இந்த நிலையிலும் இராது. கட்டடம் வந்தது, ஆரம்பப் பிரிவுக்கு ஆசிரியர் வந்தார்கள். வராமல் நின்றது தரம் 6க்கு மேலே கணிதமும் விஞ்ஞானமும்.

உங்கள் அறிக்கைகளில் ஆசிரியர் தட்டுப்பாடு தெரியாது. நாட்டில் ஏறத்தாழ பதினேழு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது பெருமைப்படத்தக்க கணக்கு. நான் கடைசியாக வேலை செய்த பாடசாலையில் 187 பிள்ளைகள், 11 ஆசிரியர்கள். பிரித்துப் பாருங்கள், சரியாகப் பதினேழு வரும். தாளில் நாங்கள் நாட்டின் சராசரியை அச்சொட்டாக எட்டியிருந்தோம். அந்தப் பதினொரு பேரில் கணிதத்துக்கு நியமனம் பெற்றவர் ஒருவரும் இல்லை. விஞ்ஞானத்துக்கு ஒருவர் இருந்து, இரண்டாம் தவணையோடு இடமாற்றம் பெற்றுப் போனார். சித்திரத்துக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் விஞ்ஞானம் எடுத்தார். இதயத்தின் குறுக்குவெட்டை அவரைப்போல் அழகாக வரைந்த விஞ்ஞான ஆசிரியரை நான் எங்கும் கண்டதில்லை. இரத்தம் எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறது என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

2014ஐ ஒட்டிய காலத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கென்று மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். உயர்தரம் முடித்த எங்கள் பிள்ளைகள்தான். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. போராடிய பிறகு 10,000 ஆனது. அந்தக் காசில் ஒரு பகுதி பஸ்ஸுக்கே போய்விடும். ஓய்வறையில் மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் ஒரு பார்சலைப் பகிர்ந்து தின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்துகொண்டே பயிற்சியை முடித்து இன்று நல்ல ஆசிரியர்களாக நிற்பவர்கள் பலர். ஆனால் அந்தச் சம்பளத்துக்குக் கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பட்டதாரியை வகுப்புக்குள் அனுப்ப யாராவது துணிந்திருப்பார்களா? எங்கள் பிள்ளைகளுக்குத்தானே என்ற நினைப்பு அந்தத் தொகையிலேயே எழுதியிருந்தது.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையாகாது. லயத்தில் பிறந்து படித்து ஆசிரியரானவர்களில் பலர், முதல் சந்தர்ப்பத்திலேயே டவுன் பாடசாலைக்கு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். சொந்தப் பிள்ளையை எந்த ஆசிரியரும் தோட்டப் பாடசாலையில் சேர்ப்பதில்லை. நானும் இரண்டு தரம் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தேன். கிடைக்காததால் தியாகி ஆனேன். தொழிற்சங்கங்கள் பாடசாலைகளைக் கட்சிக் கொடி நடும் இடமாகப் பார்த்த காலமும் உண்டு. அதிபர் நியமனத்துக்குத் தலைவரின் கடிதம் கேட்டதை மறந்துவிடவில்லை. இதையெல்லாம் நீங்கள் சரிசெய்ய முடியாது. ஆனால் ஒருவர் எந்த வருடம் கஷ்டப் பிரதேசத்துக்கு வந்தார், எந்த வருடம் போகலாம் என்பதைச் சிபாரிசுக்கு இடம் இல்லாத விதியாக எழுத உங்களால் முடியும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ‘ஏ’ எடுத்தாள், அதுவும் என்னிடம் படித்து. அது அவளுடைய கெட்டித்தனம், என்னுடையது அல்ல. உயர்தரத்தில் கணிதப் பிரிவு செய்ய ஆசை. தமிழில் அந்தப் பிரிவு இருக்கிற கிட்டிய பாடசாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் எங்கள் சந்திக்கு வருவது ஆறு இருபதுக்கு, அவள் லயத்திலிருந்து சந்திக்கு முக்கால் மணி நேர நடை, வழியில் வெளிச்சம் கிடையாது. தங்கிப் படிக்க விடுதி இல்லை. அவளுடைய அப்பா என்னிடம் வந்து, “டீச்சர், ஆம்பிளைப் பிள்ளை என்றால் அனுப்பிவிடுவேன்” என்றார். கலைப்பிரிவில் சேர்ந்தாள். அதிலும் நன்றாகவே செய்து, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கான கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து பதினொரு நாள் மேசையில் கிடந்தது. லயத்து வீடுகளுக்கு இலக்கம் இல்லை, வீதியும் இல்லை. எங்கள் தபால் எல்லாம் அலுவலகத்துக்குப் போய், யாராவது அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடப்படும். கடிதம் கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து மூன்று நாள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. “இந்தத் திகதியைப் பாருங்கள் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள். இப்போது சுதந்திர வர்த்தக வலயத்தில் தைக்கிறாள். தோட்டத்துப் பக்கம் வரும்போது பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கிக் கொண்டு வருகிறாள்.

அவளைப் போன்றவர்களுக்காகத்தானே பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறது என்பீர்கள். உண்மைதான்: 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் இரத்தினபுரியும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. அந்த ஒதுக்கீட்டை நான் மதிக்கிறேன். அதை எடுத்துவிடுங்கள் என்று கொழும்பிலிருந்து யாராவது எழுதினால் அவர்களோடு சண்டைக்கும் வருவேன். ஆனால் மாவட்டம் பின்தங்கியது என்று முத்திரை குத்துவதற்கு எங்கள் லயங்கள் காரணமாகின்றன. அந்த முத்திரையால் வரும் மருத்துவ பீட, பொறியியல் பீட இடங்களில் எத்தனை லயத்துப் பிள்ளைகளுக்குப் போகின்றன? பௌதிகவியல் படிப்பிக்க ஆளில்லாத இடத்துப் பிள்ளை அந்த வரிசையிலேயே நிற்பதில்லை. மாவட்டத்தின் பெயரால் கொடுக்கிறீர்கள், மாவட்டத்துக்குள் யாருக்குக் கிடைக்கிறது என்று வெளியிடுங்கள். 141 யார் என்று எங்களுக்கும் தெரியட்டும்.

பிள்ளைகள் குறைந்த சிறிய பாடசாலைகளை மூடுவது, இணைப்பது என்ற பேச்சும் நடக்கிறது. எனக்கு அதில் கொள்கை எதிர்ப்பு இல்லை. பதினாறு பிள்ளைகளை ஐந்து வகுப்பாகப் பிரித்து இரண்டு பேர் பார்ப்பதில் என்ன படிப்பு நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பாடசாலை எதற்குக் கிட்ட என்பதை வரைபடத்தில் அளக்காதீர்கள். வரைபடத்தில் இரண்டு கிலோமீற்றர் என்பது இங்கே ஓர் ஆற்றை இறங்கிக் கடந்து ஒரு மலையை ஏறுவது. மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு, நனைந்த சப்பாத்தோடு தரம் 2 பிள்ளை அங்கே போய்ச் சேரும்போது முதல் பாடம் முடிந்திருக்கும். இணைக்கத்தான் வேண்டும் என்றால், முடிவெடுக்கும் அலுவலர் ஒரு ஜூலை மாதக் காலையில், ஜீப்பை டவுனிலேயே விட்டுவிட்டு அந்தப் பாதையை ஒரு தரம் நடந்து பார்க்கட்டும். வழிகாட்ட நான் வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, மெதுவாகத்தான் நடப்பேன்.

நான் கேட்பது பெரிய காசு செலவாகும் காரியம் அல்ல, முதல் கட்டத்திலாவது. ஒவ்வொரு வருடமும் பாடசாலைக் கணக்கெடுப்பு எடுக்கிறீர்கள். அந்தப் படிவத்தை முப்பத்தொரு வருடத்தில் பலமுறை நானே நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் நேராக இரண்டு நிரல் போட்டு வெளியிடுங்கள்: நியமனப் பாடம் எது, படிப்பிக்கும் பாடம் எது. இரண்டும் ஒன்றாக இல்லாத இடங்களுக்குச் சிவப்பு மை பூசினால் நாட்டின் வரைபடத்தில் எங்கே சிவப்பு வருகிறது என்று எல்லாரும் பார்க்கலாம். பெறுபேறுகளை வெளியிடும்போது மாவட்டத்தோடும் மொழியோடும் நிற்காமல் நகரம், கிராமம், தோட்டம் என்று இன்னொரு தரம் பிரியுங்கள். புள்ளிவிபரத் திணைக்களம் ஏற்கெனவே வைத்திருக்கும் பிரிப்புத்தான். தோட்டம் என்றால் எல்லா மலையகத் தமிழரும் அடங்கிவிடுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். தோட்டத்தை விட்டு நகரத்தின் ஓரங்களில் வாடகை அறைகளில் இருப்பவர்களும், வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி என்று 2016இலிருந்து சட்டம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இருந்து வகுப்பில் ஆள் இல்லாத பிள்ளையை யார் தேடிப் போவது என்பதை மட்டும் சட்டம் சொல்லவில்லை. நாங்கள் ஆசிரியர்கள் தேடிப் போனோம். “அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள்” என்பார்கள். அந்த அத்தை வீடு எப்போதும் கொழும்பில்தான் இருக்கும்.

பிறகு, பிள்ளைக் காமராவுக்கும் தரம் 1க்கும் நடுவில் இருக்கிற சுவரை இடியுங்கள். காமரா பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும் கம்பனியையும் பார்க்கிறது. முன்பள்ளி மாகாணத்தைப் பார்க்கிறது. நிறை பார்ப்பவர் சுகாதாரத்தைப் பார்க்கிறார். பாடசாலை உங்களைப் பார்க்கிறது. பிள்ளை ஒன்றுதான். அதன் நிறை அட்டையில் நிறைக் குறைவைக் காட்டும் செம்மஞ்சள் கட்டத்துக்கு இறங்கிய கோடு, தரம் 1 ஆசிரியரின் கையில் கிடைப்பதில்லை. கிடைத்தால், ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று எழுதுவதற்கு முன் ஒரு ஆசிரியராவது பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். பாடசாலை உணவு கொடுக்கும் ஒழுங்கிலும் அந்த அட்டையைப் பார்த்தே முன்னுரிமை தரலாம். காலையில் கொடுங்கள். பத்தரை மணிக்குக் கொடுத்தால், அதற்குள் கணிதம் முடிந்துவிடும்.

இதற்கு நீங்கள் பதில் எழுதினால் சந்தோஷப்படுவேன். உறையின் பின்பக்கம் இருக்கும் முகவரி என்னுடையது அல்ல. டவுனில் இருக்கிற ஒரு பலசரக்குக் கடையுடையது. எனக்கு இன்னும் வீட்டிலக்கம் கிடைக்கவில்லை. கடைக்காரத் தம்பி என்னிடம் படித்தவர். கடிதம் வந்தால் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகும்போது எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை
(படிப்பித்த பாடம்: கணிதம்)